படியோலையும் மூலவோலையும்
தேசிய நூலகத்தின் இணையக் காப்பகம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

நூற்பொருளை ஐயந்திரிபற உணர்தற்குப் பாடந் தெளிதல் முதற்கண் வேண்டப்படும். பாடம் பிழைபடின் பொருள் பிழைபடும். பொருள் பிழைபடின் அதன்வழி நிகழும் ஒழுக்கமும் பிழைபடும். ஆகலின் நம் முன்னோர் ஒரு நூலைப் பாடங்கேட்கத் தொடங்குங்கால், கையிலுள்ள ஏடு யாருடையது, எவ்வழி வந்தது, எவ்வெப் பிரதிகளோடு ஒப்புநோக்கப் பெற்றது என்பவற்றை முன்னர் உசாவினர். திருமடங்களில் ஏடு பார்த்தல் என்பது ஒரு தனிப் பயிற்சியாகவே போற்றப்பட்டு வந்தது.

இக்காலத்தே அவ்வேட்டின் இடத்தில் வேறொரு பொருள் வந்து நிற்கின்றது. உலகின் பெரு நூலகங்கள் தம்பாலும் பிறர்பாலும் உள்ள பழஞ்சுவடிகளையும் அச்சு நூல்களையும் பத்திரிகைகளையும் ஒளிப்படமாக்கி, இணையத்தின் வாயிலாக எவரும் காணுமாறு வைக்கின்றன. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ தம் இல்லத்தே இருக்கும் ஒருவர், இலண்டன் மாநகரத்து நூலகம் காக்கும் பக்கமொன்றைக் கைப்பேசியிற் கண்டு படிக்கலாகும் காலம் இது. இவ்வாறு கண்ட பாடத்தைச் சைவநூல் ஆராய்ச்சியிற் பிரமாணமாகக் கொள்ளலாமா? கொள்ளலாமாயின் எவ்வளவிற் கொள்ளலாம்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய முறையை வேற்றிடத்துத் தேடவேண்டுவதில்லை. விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்த திருவெண்ணெய்நல்லூரிலேயே அது நிகழ்ந்து காட்டப்பட்டுள்ளது. நம்பியாரூரர் திருமணத்தின்கண் முதிய வேதியராய் எழுந்தருளிய இறைவர், தம்பால் உள்ள ஆளோலையைக் காட்டி அவரைத் தமக்கு அடிமையெனச் சாதித்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் தடுத்தாட்கொண்ட புராணத்து விரித்தருளினார். அடியவர் உள்ளத்தை உருக்கும் அவ்வரலாறு, ஆவண ஆராய்ச்சிக்கும் ஓர் இலக்கணமாய் நிற்றலை உற்றுநோக்குவார் உணர்வர்.

புத்தூர் மணப்பந்தரில் நம்பியாரூரர் அவ்வோலையை வலிதிற் பற்றிக் கிழித்தார். பின்னர் வெண்ணெய்நல்லூர் அவையத்தார் முன் வழக்கு வந்தபொழுது, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் நிறுவுக என்று அவர் வேண்டினர். முன்பு கிழிக்கப்பட்டது படியோலையே; மூலவோலை தம்பால் உளது என்று முதியவர் கூறி, அதனை அவையத்தார் காவலின்கீழ்க் காட்டினார். கரணத்தான் அதனை வாங்கிப் படித்தான். அவ்வளவில் அவையம் அமையவில்லை. நம்பியாரூரர்தம் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டன் எழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறப்பட்டது.

இதனால் மூன்று நெறிகள் பெறப்படும். படி அழியினும் மூலம் இருப்பின் உண்மை அழியாது என்பது ஒன்று. அழிதற்கு அஞ்சத்தக்க இடத்துப் படியை நீட்டி, மூலத்தைக் காவலுள் வைத்தலே அறிவுடைமை என்பது மற்றொன்று. மூலமே ஆயினும், வேறொன்றனோடு ஒப்புநோக்கியன்றி முடிபு கூறலாகாது என்பது பிறிதொன்று. இணையக் காப்பகத்திற் காணப்படும் ஒளிப்படம் ஒரு மின்படியேயாகலின், அதனை அளத்தற்கு இம்மூன்று நெறிகளும் உரியனவாம்.

காப்பகத்தின் இயல்பு

ஈண்டு ஆராய எடுத்துக்கொள்ளப்படுவது, பிரித்தானிய நாட்டின் தேசிய நூலகமாகிய பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் அழிநிலை ஆவணக்காப்பகத் திட்டமாகும். அந்நூலகம் 1973-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகப் பகுதி முதலியவற்றை ஒருங்குசேர்த்து அமைக்கப்பட்டது. இந்தியா ஆபீஸ் நூலகத் தொகுதியும் 1982-இல் அதனை வந்து சேர்ந்தது. தமிழ் நூல்களைப் பொறுத்தவரை அவ்விடத்துத் தொகுப்பு பழமையுடையது. பிரிட்டிஷ் மியூசியத்துத் தமிழ் அச்சு நூல்களுக்கு எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் இயற்றிய அட்டவணை 1909-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

மேற்கூறிய திட்டம் ஆர்க்கேடியா அறநிதியத்தின் பொருளுதவியால் 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 90 நாடுகளில் 400-க்கு மேற்பட்ட பணிகளுக்கு இஃது உதவியுள்ளது. தமிழகத்தைச் சார்ந்த பணிகளும் அவற்றுட் சில. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் வாயிலாகத் தமிழ்நாட்டு வரலாறு பற்றிய பழைய அச்சு நூல்களும், தமிழ்நாடு புதுச்சேரிப் பழம் பத்திரிகைகளும் இதழ்களும் படியெடுக்கப்பட்டன. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வாயிலாகப் பிரெஞ்சிந்திய வெளியீடுகளும், ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஆவணங்களும், நிலவுரிமை பற்றிய ஆவணங்களும் படியெடுக்கப்பட்டன.

மூலத்தை வேற்று நாட்டிற்குக் கொண்டுசெல்லாமை இத்திட்டத்தின் தலையாய கொள்கையாம். மூலப் பொருள் உடையவரிடத்தோ அந்நாட்டு நிறுவனத்திடத்தோ இருக்கும்; மின்படி ஒன்று உள்நாட்டு நிறுவனத்திற்கும் மற்றொன்று அந்நூலகத்திற்கும் செல்லும். பண்டு சுவடிகள் மூட்டை மூட்டையாகக் கடல் கடந்தமை அறிந்தார்க்கு இவ்வேற்றுமையின் அருமை விளங்கும். படியை நீட்டி மூலத்தைக் காத்தல் என்னும் வெண்ணெய்நல்லூர் நெறி ஈண்டு வழுவாது நிற்றலின், அமைப்பளவில் இக்காப்பகம் நன்றென்றே கொள்ளப்படும்.

மூன்று அளவைகள்

இனி, அதன்கட் காண்பனவற்றின் வன்மையை அளத்தல் வேண்டும். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் தொடக்கத்தே அளவை கூறினார். அளவைகளைப் பத்தென எண்ணுவார் கொள்கையையும் உடன்கூறி, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென்பது அங்குப் பெறப்படும் முடிபு. இக்காப்பகத்தின்கண் ஒளிப்படம் காண்டற்கும், அதனைக்கொண்டு காலமும் இடமும் துணிதல் கருதற்கும், அட்டவணைக் குறிப்பு உரைக்கும் இடமாதலின், இம்மூன்றானும் முறையே நோக்குவாம்.

முதலாவது காண்டல். காட்சியின் குற்றங்கள் ஐயமும் திரிவும். ஏட்டெழுத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டும் மூலத்திடத்தேயே உள்ளன. பழைய ஏடுகளிற் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. ஆகவே கொம்பும் ககரமும் அதனையடுத்து ஒரு காலும் எழுதப்பட்டிருப்பின், அதனைக் கெர, கேர, கெர், கேர், கொ, கோ என ஆறு வகையாகப் படித்தல் கூடும். ‘கெட்டு’ என்றிருப்பது அழிந்து என்னும் பொருட்டோ, செவிக்கொண்டு என்னும் பொருட்டாகிய ‘கேட்டு’ என்பதோ என்பதனை எழுத்து மட்டும் காட்டாது. இடமும் யாப்பும் மரபுமே காட்டும்.

மூலத்தில் இயல்பாகவுள்ள இவ்வையத்தின்மேல், ஒளிப்படம் தானும் சில ஐயங்களைக் கூட்டும். ஏட்டிலெழுத்து மையால் எழுதப்படுவதன்று, எழுத்தாணியாற் கீறப்படுவது. கீறலிற் கரி முதலியன தடவப்பெற்ற ஏடு படத்தில் விளங்கத் தோன்றும். மையாடாத ஏட்டிலோ, ஒளி நேர்மேலிருந்து விழின் கீறல் தோன்றாது. பக்கத்தே சாய்ந்து விழின் நிழலால் தோன்றும். புழுத்துளையொன்று மெய்ப்புள்ளிபோலத் தோன்றுதலும், நாரின் வரை எழுத்தின் கோடுபோலத் தோன்றுதலும் உண்டு. மூலத்தைக் கையிற் கொண்டு ஒளியிற் சாய்த்துப் பார்ப்பார்க்கு இத்திரிவு நொடியில் நீங்கும்; படத்தைக் காண்பார்க்கு நீங்காது. எவ்வளவு பெரிதாக்கினும், படமெடுத்தபோது பதியாத கீறல் பின்னர்த் தோன்றுமாறில்லை.

ஆகலின் ஒரு மின்படியைக் கண்டவுடன் நோக்கத்தக்கன சில உள. அளவுகோலும் நிறப்பட்டையும் உடன் வைத்துப் படமெடுக்கப்பட்டதா? ஏட்டின் இருபுறமும் முழுமையாக உளவா? விளிம்பிலுள்ள தமிழ் எண்கள் வெட்டுப்படாமல் இருக்கின்றனவா? முதலேட்டுக் காப்பும் இறுதியேட்டுக் குறிப்பும் கட்டுச்சட்டமும் விடப்படாமல் எடுக்கப்பட்டனவா? இவற்றிற் குறைவில்லாத படியே நற்படி. அச்சு நூலாயின் மேலட்டையும் விளம்பரப் பக்கங்களும் பிழைதிருத்தமும் உடனிருத்தல் வேண்டும். பழம்பதிப்புக்கள் பலவற்றிற் பதிப்பாசிரியர் கண்ட திருத்தம் நூலின் ஈற்றிலேயே கிடத்தலின், அப்பக்கம் விடுபட்ட படியைக் கொண்டு அவ்வாசிரியர்மேற் குற்றஞ் சுமத்துதல் அறமாகாது.

இரண்டாவது கருதல். ஏட்டின் ஈற்றில் எழுதினார் பெயரும் காலமும் குறிக்கப்படுதல் வழக்கம். கலியாண்டோ, சகாப்தமோ, கொல்லமோ குறிக்கப்பட்டிருப்பின் காலம் உறுதிப்படும். பிரபவ முதலிய அறுபதாண்டு வட்டப் பெயர் மட்டும் இருப்பின் உறுதிப்படாது. பிரபவ என்பது 1867-க்கும் பொருந்தும், 1927-க்கும் பொருந்தும், 1987-க்கும் பொருந்தும். வாரம், நாள், நட்சத்திரம், திதி ஆகியவை உடனிருப்பின் கணித்துத் தெளியலாம். இல்லாதவிடத்துக் கையெழுத்தின் போக்கும் ஏட்டின் நிலையும் கொண்டு கருதுவதே செயற்பாலது. அட்டவணையில் ஓராண்டு எழுதப்பட்டிருப்பின், அது கண்டு எழுதியதோ கருதி எழுதியதோ என்று வினாவாமல் ஏற்றல் கூடாது.

மூன்றாவது உரை. உரை பிரமாணமாவது, உரைப்பான் பொருளை உணர்ந்தவனும் பொய்யாதவனும் ஆயவிடத்தாம். காப்பக அட்டவணை எழுதுவோர் பொய்யார் என்பதில் ஐயமில்லை. எல்லாப் பொருளையும் உணர்ந்தவர் என்று கொள்ளுதற்கோ இடமில்லை. பல துறைச் சுவடிகளை ஓரிரு ஆண்டுக்குள் வகைப்படுத்தவேண்டியவர், சித்தாந்த சாத்திரக் கட்டொன்றில் நூலும் உரையும் தனிப்பாடலும் விரவிக் கிடப்பின், முதலேட்டுப் பெயரையே கட்டு முழுமைக்கும் இடுதல் இயல்பு. ஆகவே சைவநூல் வல்லார் அட்டவணையை வழிகாட்டும் கைகாட்டியாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

இவ்விடத்து இக்காப்பகத்தின் நன்மையொன்றும் கூறற்பாலது. ஒவ்வோர் உருப்படிக்கும் திட்ட எண், தொகுதி எண், உருப்படி எண் என்பன தொடர்ந்து இடப்பட்டுள்ளன. ‘ஒரு பழம்பிரதியிற் கண்டது’ என்று மட்டும் எழுதி விடுத்த ஆராய்ச்சியாளர் பலர். அப்பிரதியைப் பின்வந்தார் காணுமாறில்லாமையின் அவர் கூற்றை உறுதிசெய்வதும் மறுப்பதும் அரிதாயின. எண்ணிட்டுக் காட்டப்பட்ட பாடத்தையோ, வேறூரில் இருக்கும் மாறுபட்ட கொள்கையாளரும் கண்டு ஒப்புநோக்குதல் கூடும். அவையத்தார் அனைவரும் ஓலையைக் காணுதற்கு ஒப்பது இது.

காணாமை இன்மையாகுமா?

அளவைகளை விரித்தெண்ணுவார் அபாவத்தையும் ஒன்றாக எண்ணுவர். இணையக் காப்பகத்தைப் பயில்வார்க்கு மிக்க இடர் விளைப்பது இதுவே. ஒரு சொல்லை இட்டுத் தேடி, அது வாராமை கண்டு, அந்நூலில் அச்சொல்லில்லை என்று துணிவாரைக் காண்கின்றோம். எழுத்துணர் கருவி பழைய அச்சைப் பிழைபடப் படித்தல் பெரும்பான்மை. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் வழங்கிய ணகர, லகர, ளகர, னகர ஐகார வடிவங்களும், ணா, றா, னா முதலியவற்றின் வடிவங்களும் அதற்கு வேற்றுருவாய்த் தோன்றும். சந்தி பிரிக்காது அச்சிட்ட உரைநடையில் தேடும் சொல் வேறு சொல்லோடு புணர்ந்து மறையும். ஏட்டுப் படங்களிலோ தேடுதற்குரிய எழுத்துருவே பெரும்பாலும் இல்லை.

இவ்வபாவத்தால் விளையும் இடர் சிறிதன்றென்பதற்குச் சிவஞானபோதமே சான்றாம். மெய்கண்டார் அருளிய பன்னிரு சூத்திரங்கள் ரௌரவ ஆகமத்தின் பாசவிமோசனப் படலத்து வடமொழிச் சூத்திரங்களின் மொழிபெயர்ப்பென்பது ஒருசார் ஆசிரியர் கொள்கை. தமிழே முதனூல் என்பது மற்றொருசார் ஆசிரியர் கொள்கை. கிடைத்துள்ள ரௌரவ ஆகமப் பிரதிகளில் அச்சூத்திரங்கள் காணப்பட்டில. அதனையே முடிந்த சான்றாகப் பிற்கொள்கையாளர் காட்டுவர். அப்படலம் இறந்துபட்டது என்று முற்கொள்கையாளர் கூறுவர். கிடைத்த ஏடுகள் அனைத்தும் முற்றக் காணப்பட்டனவா, கிடையாத ஏடுகள் எத்துணை என்பது தெளியப்படும்வரை, காணாமை ஒன்றே எப்பக்கத்திற்கும் முடிபாகாது. திருவெண்ணெய்நல்லூரில் அருளப்பெற்ற நூலின் தோற்றம் பற்றிய வழக்கே இங்ஙனம் ஏடுகளின் இருப்பைச் சார்ந்து நிற்குமாயின், இல்லந்தோறும் கிடக்கும் ஒவ்வொரு கட்டும் எத்துணை விலையுடையது என்பது சொல்லாமே விளங்கும்.

சைவாகமச் சுவடிகளைத் தேடுவார்க்குப் புதுச்சேரியே தலையாய இடம். 1955-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தும், தூரகிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி நிலையத்தும் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-ஆம் ஆண்டு உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அவ்விடத்துக் காகிதப் பிரதிகள் பல, கிரந்த ஏடுகளினின்றும் தேவநாகரியிற் பெயர்த்தெழுதப்பட்டவை. அவற்றின் மின்படி படியின் படியாதலின், ஐயமுற்றவிடத்து ஏட்டினிடத்தே மீளல் வேண்டும். தேவாரத்திற்கு, தி. வே. கோபாலையர் பதிப்பை அடியொற்றி 2007-ஆம் ஆண்டு அந்நிறுவனத்தார் வெளியிட்ட மின்பதிப்பு, படத்தை மட்டும் காட்டாது ஆராய்ந்து துணிந்த பாடத்தைத் தருதலின் வேறுவகைப் பயனுடையது. படக்காப்பகமும் பாடப்பதிப்பும் ஒன்றென மயங்குதல் கூடாது.

இரண்டு தடைகள்

இனி, இத்தகைய காப்பகங்களுக்கு ஏடு காட்டுதலே தகாது என்பாரும் உளர். தீக்கை பெற்றார்க்கு உரிய நூல்கள் அனைவர் கண்ணுக்கும் புலனாதல் மரபுக்கு மாறு என்பது அவர் கருத்து. இஃது எளிதிற் புறக்கணிக்கத்தக்க தடையன்று. அதிகாரம் நோக்கி நூல் கொடுத்தல் சைவ மரபேயாம். ஆயினும் திருமுறை கண்ட வரலாற்றை ஈண்டு நினைத்தல் வேண்டும். தில்லையில் மூவர் கையிலச்சினையோடு பூட்டிய அறையுள் தேவார ஏடுகள் மிகக் காவலாகவே இருந்தன. எனினும் நம்பியாண்டார் நம்பிகளும் மன்னரும் கதவந் திறந்தபொழுது கண்டது கறையான் புற்றே. எஞ்சியவை போதுமென்னும் திருவருளால் நாம் அமைகின்றோம். பின்னர்த் திருவிடைவாய்ப் பதிகம் ஏட்டிலன்றிக் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. வேறிடத்து ஒரு படி இருந்தமையாலேயே அது நமக்குக் கிட்டியது. மறைத்தல் வேறு, காத்தல் வேறு. பாதுகாத்தற் பொருட்டுப் படியெடுத்தலுக்கும், அனைவர்க்கும் வெளியிடுதலுக்கும் இடையே உடையவரின் இசைவு என்னும் வாயில் உண்டு. கிரியைச் சுவடிகளைப் பொறுத்தவரை, ஆசாரியர்களை உசாவி அவ்வாயிலை எவ்வளவு திறப்பது என்று முன்னரே எழுதி உடன்படுதல் மரபையும் காக்கும், ஏட்டையும் காக்கும்.

படியெடுத்தபின் ஏடு வேண்டாவென்பது மற்றொரு சாரார் கூற்று. இது முன்னதினும் கேடு பயப்பது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் கொள்ளையரால் தாக்கப்பட்டன. உலகிற் பெருமை வாய்ந்த அந்நூலகத்தின் இணையப் பணிகள் மாதக்கணக்கில் முடங்கின. இவ்வழிநிலை ஆவணக் காப்பகமும் அம்முடக்கத்துட்பட்டது. மீட்சி படிப்படியாகவே நிகழ்ந்தது. கறையான் என்பது புற்றிற் பிறப்பது மட்டுமன்று என்று இதனால் அறிக. அக்காலத்தும் இடருறாதவர், மூலத்தையும் உள்நாட்டுப் படியையும் தம்பால் வைத்திருந்தவரே. மூலம் ஓரிடம், படி ஈரிடம் என்னும் அமைப்பின் சிறப்பு துன்பத்திற்றான் விளங்கிற்று.

இப்பகுதியார் செயற்பாலன

விழுப்புரம், திண்டிவனம் சூழ்ந்த நாடு சுவடிகளுக்கு வறியதன்று. மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூரும், மூவர் பாடல் பெற்ற திருவாமாத்தூரும் இந்நாட்டின. அத்திருவாமாத்தூரிலேயே எண்ணிறந்த பாடல்களை இயற்றிய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) அடங்கினார். திண்டிவனத்தையடுத்து மயிலம் பொம்மபுர ஆதீனமும் அதனைச் சார்ந்த தமிழ்க் கல்லூரியும் உள்ளன. இரு நகரங்களுக்கும் புதுச்சேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர்த் தொலைவினதேயாம். ஓதுவார், குருக்கள், பண்டாரத்தார், கணக்கர், வைத்தியர் ஆகியோர் மரபில் வந்த இல்லங்களின் பரண்களில் உள்ள கட்டுகள், உடையவர்தாமும் பெயரறியாதனவாகக் கிடத்தல் கூடும்.

அத்தகைய கட்டு உடையவர் முதலில் அதனை அவிழ்த்துப் பிரித்து அடுக்கை மாற்றாதிருத்தல் வேண்டும். ஏடுகளின் வரிசையும் ஒரு சான்றாம். நீராற் கழுவுதலும், கண்ட எண்ணெயைப் பூசுதலும் தவிர்க. வல்லார் ஒருவரை வைத்து ஏடுகளை எண்ணி, முதலும் ஈறும் படித்து, நீளம் அகலங்களோடு ஒரு குறிப்பு எழுதிக்கொள்க. கட்டு எவ்வழி தம் இல்லத்திற்கு வந்தது என்பதனை முதியோரைக் கேட்டு உடனெழுதுக. அட்டவணை எழுதுவார் பின்னர் எத்துணை முயலினும் பெறவியலாதது அதுவே. படியெடுக்க வருவாரிடத்து, மூலம் தம்பாலே இருக்குமென்பதையும், மின்படியொன்று தமக்கும் தரப்படுமென்பதையும், எவ்வளவு வெளியிடப்படுமென்பதையும் எழுத்திற் பெறுக. மூலத்தை விலைக்குக் கேட்பாரிடத்தும், படித்துவிட்டுத் தருவேனென்று எடுத்துச்செல்வாரிடத்தும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

காப்பகத்தைப் பயிலும் மாணவர்க்கும் ஒன்று கூறற்பாலது. ஒரு பாடத்தை எடுத்தாளுங்கால் காப்பகப் பெயர், உருப்படி எண், பட எண் என்பவற்றோடு தாம் கண்ட நாளையும் குறிக்க. ஐயமுற்ற எழுத்தை ஐயமென்றே எழுதுக. தம் கருத்தை மூலத்தின்மேல் ஏற்றற்க. வேறுபாடுள்ள இடத்து அச்சுப்பதிப்பு இரண்டனையேனும் ஒப்புநோக்குக. பாடங்கேட்டுத் தெளிந்த ஆசிரியர் ஒருவர் அண்மையில் இருப்பின், அப்படத்தை அவர்க்குக் காட்டாமல் முடிபு கூறற்க. யாப்பும் பொருளும் மரபும் உணர்ந்தவர் கண்ணில் ஒருகால் படும் பிழை, கருவியின் கண்ணில் நூறுகால் நோக்கினும் படாது.

இதுகாறும் கூறியவாற்றான், தேசிய நூலகத்தின் இணையக் காப்பகம் படியோலை என்னும் நிலையிற் சிறந்ததென்பதும், தூரத்தாரும் எளியோரும் பயன்கொள்ளுதற்கும் ஆராய்ச்சியை அவையறியச் செய்தற்கும் உரியதென்பதும், மூலவோலையின் இடத்தை அது கொள்ளாதென்பதும் பெறப்பட்டன. கிழிக்கப்பட்ட படியோலைக்குப் பின்னரும் வழக்கு நிலைத்தது, மூலவோலை ஒன்று காவலுள் இருந்தமையான் என்க. அம்மூலம் நம்பாலும் இருக்குமாறு, பரண்மேற் கிடக்கும் கட்டுகளை இவ்வாண்டிலேயே இறக்கிப் பார்த்தல் சைவ நன்மக்கள் கடனாகும்.

திருச்சிற்றம்பலம்.